நேராகத் தெரிந்த எழுத்து

போடியில் முப்பது வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், லைட்டு, இவைதான் எனக்குச் சோறு போட்டவை. முன்கோபக்காரன் என்பது ஊருக்கே தெரியும். ஒரு வேலையைத் தொட்டுவிட்டால் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. “ஒயர் பொய் சொல்லாது, ஒயரோட கலருதான் பொய் சொல்லும்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். அதைச் சொல்லும்போது ஒரு பெருமை இருக்கும். இப்போது சொல்வதில்லை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, மலை ரோட்டின் பதினேழு வளைவும் ஏறி, உச்சியில் இருக்கும் மெட்டைத் தாண்டி, தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே ஆட்களைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவார். இருபது வருடத்தில் அவர் வண்டியில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. என்னைப் போல இல்லை, பொறுமையான மனிதர். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எங்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. சண்டை போட நான் தயாராகத்தான் இருந்தேன். அவர்தான் இடம் கொடுக்க மாட்டார்.

ஒரு நாள் தங்கச்சி தனியாகக் கடைக்கு வந்தாள். வேலை ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணே, அவருக்குக் கழுத்து திரும்ப மாட்டேங்குது. ரெண்டு மாசமா இப்படித்தான். பின்னாடி பாக்கணும்னா இடுப்போட சேர்த்துத் திரும்புறாரு. தோட்டத்துல தெரிஞ்சா வேற வண்டியப் போட்டுருவாக.”

வளைந்து வளைந்து ஏறி இறங்கியதில் தேய்ந்த கழுத்து. டாக்டர் பட்டை போடச் சொல்லியிருக்கிறார். பட்டையோடு ஓட்டினால் பெண்கள் ஏறப் பயப்படுவார்கள் என்று அதை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். முன்னால் ஓட்டுவதில் தொல்லை இல்லை. பின்னால் எடுப்பதுதான் பாடு. தோட்டத்தில் இறக்கிவிடும் இடத்தில் வண்டியைத் திருப்ப வேறு வழி கிடையாது. இடது பக்கம் மலையை வெட்டிக் கட்டிய கல்கட்டு, வலது பக்கம் பள்ளம். நடுவில் ஒரு சிறு ஒதுக்கத்துக்குள் பின்வாக்கில் நுழைத்துத்தான் திருப்ப வேண்டும்.

அதற்கு அந்த மலையில் ஒரு முறை உண்டு. எல்லோரும் இறங்கியதும் ஒரு ஆள் வண்டிக்குப் பின்னால் நின்று தகரத்தில் தட்டும். மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். ஓங்கி ஒரே தட்டுத் தட்டினால் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் தட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளை வண்டிக்குத் தட்டுகிறவர் சிலமலையைச் சேர்ந்த ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். எப்போதும் கடைசி சீட்டில் கதவோரம் உட்கார்ந்து வருவார், முதல் ஆளாக இறங்குவார். பல வருடமாக அவர் கைதான் அந்த வண்டிக்குப் பின்கண். ஆனால் பனி இறங்கும் நாட்களில் ஆட்கள் நனைந்துகொண்டு வெரசாகத் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். அந்த அம்மாவும் வராத நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் மாப்பிள்ளை குத்துமதிப்பாகத்தான் எடுத்திருக்கிறார்.

“பின்னாடி தெரியுற மாதிரி ஒரு கேமரா மாட்டி விட்ருண்ணே” என்றாள் தங்கச்சி.

நான் அதுவரை ஒரு கேமராவும் மாட்டியதில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மாப்பிள்ளை மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். அடிபட்ட ஏதோ காரிலிருந்து பிடுங்கிய சரக்கு. பெட்டி இல்லை, பேப்பர் இல்லை. ஒயர்களை எல்லாம் பாதியில் கத்தரித்து எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார். கடைக்கு எதிரே இருக்கும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து வண்டியின் பின்பக்கத்தை நிறுத்தச் சொன்னேன்.

கேமராவை விட ஜீப்பின் ஒயரிங் பெரிய புதிராக இருந்தது. நாலு கை மாறிய வண்டி. ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒரு ஒயரை ஒட்டி டேப் சுற்றியிருந்தது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை சேஸிஸில் மாட்டிவிட்டு, மற்ற முனையின் ஊசியால் ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்தேன். மாப்பிள்ளை சாவியைப் போட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் “போடு மாப்ளே” என்றால் ரிவர்ஸ் கியர் போடுவார், “எடு” என்றால் எடுப்பார். கியர் போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிற ஒயர்தான் எனக்கு வேண்டும். கடைசியில் அது வீட்டுச் சுவிட்சுக்குப் போடுகிற ஒரு சிவப்பு ஒயராக இருந்தது. எவனோ வீடு கட்டி மிச்சமானதை ஜீப்பில் ஓட விட்டிருக்கிறான். அவனை நன்றாகத் திட்டினேன். மாப்பிள்ளை சிரித்தார்.

பிறகு கேமரா. கறுப்பு ஒயர் அதன் இரும்பு உடம்போடு சேர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து எர்த்து என்று முடிவு செய்தேன். சிவப்பை நேராகக் கரண்டில் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு சிறிய பல்பை வைத்துக் கொடுத்தேன். தப்பாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கேமரா பிழைத்துக்கொள்ளும். பல்பு லேசாக மினுங்கியதோடு சரி. மஞ்சள்தான் படம் போகிற ஒயர். பின்னால் பார்க்கிற மேல்கண்ணாடி இருந்த இடத்தில் மாட்டிய சின்னத் திரையில் சுவர் தெரிந்தபோது, பொய் சொல்ல மாட்டேன், முதன்முதலாக ஒரு செல்ஃப் மோட்டாரை ஓட விட்ட நாளின் சந்தோஷம் எனக்கு வந்தது.

மிச்சம் இரண்டு ஒயர்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. இரண்டும் கேமராவிலிருந்து வெளியே வந்து, வளைந்து, மறுபடி கேமராவுக்குள்ளேயே போயின. எங்கும் போகாத ஒயர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. தேனியில் புதுக் கடைகளில் தினமும் கேமரா மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். என் வயதில் பாதி இருப்பவனிடம் போய் இது என்ன ஒயர் என்று கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். திரையில் அந்த எழுத்து எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது.

“என்ன மாப்ளே, எழுத்து மாறித் தெரியுது?”

“அது கெடக்கட்டும் மச்சான். நான் என்ன படிக்கவா போறேன். ஆளு தெரிஞ்சாப் போதும்.”

“கோணல் வேலை என் கடையை விட்டு வெளிய போகாது” என்றேன்.

வெள்ளையை வெட்டினேன். திரையில் குறுக்கே தெரிந்த கலர் கோடுகள் மறைந்தன. அதை மறுபடி முறுக்கினேன், கோடுகள் வந்துவிட்டன. பச்சையை வெட்டினேன். எழுத்து நேராகிவிட்டது. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்.’ ஒவ்வொரு எழுத்தையும் மாப்பிள்ளைக்கு விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். பேப்பர் இல்லாமல், யாரையும் கேட்காமல், எது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிட்டேன். வெட்டிய பச்சையின் இரண்டு முனைகளுக்கும் டேப் சுற்றி உள்ளே தள்ளி மூடினேன்.

மேல்கண்ணாடியில் பார்த்தால் எழுத்து மாறித்தான் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம் நிற்கிற ஆள் இடது பக்கமே தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கேமராவைச் செய்தவன் படத்தை மாற்றி வைத்திருந்தான். எழுத்தை நேராக்கியபோது நான் ஆளை இடம் மாற்றிவிட்டேன். சுவருக்கு முன்னால் ஆள் யாரும் நிற்காததால் அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணி வாக்கில் தங்கச்சி போன் செய்தாள். அவள் அழுததில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தட்டுகிற அம்மா ஜீப்புக்கும் கல்கட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் என்பது மட்டும் கடைசியில் புரிந்தது.

தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். சிலமலைக்காரர்கள் வெளியே கும்பலாக நின்றார்கள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அந்த அம்மாவை அவர்தான் தூக்கி வந்திருக்கிறார், திரும்பாத கழுத்தோடு.

“ஒரே பனி மச்சான். கண்ணாடில ஒண்ணுந் தெரியல” என்றார். “நீ நின்னு தட்ட வேணாந்தாயி, டிவி இருக்குன்னு சொன்னேன். கை சும்மா இருக்காது தம்பின்னு பின்னாடி போயி நின்னுச்சு. நான் வர்றேன், தட்டுது, வர்றேன். ஓங்கி ஒரு தட்டு. நிறுத்திட்டேன். தட்டு இடதுல விழுந்துச்சு. படத்துல பாத்தா வலதுல நிக்கிது. பள்ளத்துப் பக்கம். ஐயோ, ஆளு விழுந்துரப் போகுதேன்னு ஸ்டேரிங்க ஒடிச்சு கல்கட்டுப் பக்கமா எடுத்தேன்…”

நான் அவரை முடிக்க விடவில்லை.

“இடதுல தட்டுச்சாம், வலதுல நின்னுச்சாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டி எடுக்கத் தெரியலன்னு சொல்லு மாப்ளே. எங்க போச்சு உன் கண்ணு?”

அத்தனை பேர் முன்னால் கத்தினேன். சிலமலைக்காரர்கள் கைவைப்பதற்கு முன்னால் நான் சத்தம் போட்டுவிட்டால் அடங்குவார்கள் என்று நினைத்தேன் என்று பிறகு தங்கச்சியிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோதும், “என் தப்புத்தான், பக்கம் மாறிப்போச்சு” என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அம்மாவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போலீசிடமிருந்து வண்டி கைக்கு வந்தது. பிரேக்கைப் பார்த்திருந்தார்கள், டயரைப் பார்த்திருந்தார்கள். கேமராவை ஒருவரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டதால் நான்தான் போய் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். இடது பின்லைட்டு நொறுங்கிக் கிடந்தது. கடையில் அதே சுவரைப் பார்க்கப் பின்பக்கத்தை நிறுத்தி அதை மாற்றிக்கொண்டிருந்தபோது தங்கச்சி எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

“பின்னாடி போயி லைட்டு எரியுதான்னு பாரு” என்று சொல்லிவிட்டு, சீட்டில் ஏறி சாவியைத் திருகி ரிவர்ஸ் கியர் போட்டேன்.

“எரியுதுண்ணே.”

அவள் குரல் எனக்கு இடது பக்கத்திலிருந்து வந்தது. புது லைட்டுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில் நின்றாள். திரையில் அவள் வலது ஓரத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் எழுத்து மணி மணியாக, நேராகத் தெரிந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். இடது. திரையைப் பார்த்தேன். வலது. எனக்குக் கழுத்து நன்றாகத் திரும்பும். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் என்று நினைவில்லை.

“என்னண்ணே, என்னமோ மாதிரி இருக்க?”

“ஒண்ணுமில்ல. சோறு ஆறிப்போகும், வச்சுட்டு நீ போ.”

அவள் போனதும் மூடியைக் கழற்றினேன். பச்சை ஒயரின் இரண்டு முனைகளிலும் என் டேப் அப்படியே இருந்தது. டேப்பை உரித்து, முனைகளை முறுக்கி, பற்ற வைத்து, மறுபடி மூடினேன். இரண்டு நிமிட வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு விரல் நீள ஒயரை மறைக்க முடிந்தது. ஏன் செய்தேன் என்று என்னை நானே பல விதமாகக் கேட்டிருக்கிறேன். பயம்தான். போலீசுக்குப் பயம், சிலமலைக்காரர்களுக்குப் பயம், எல்லாவற்றையும் விடத் தங்கச்சி முகத்துக்குப் பயம். அந்த இரண்டு நிமிடத்தில் என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அசிங்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கடைக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. மெலிந்திருந்தார், ஷேவ் செய்திருக்கவில்லை.

“ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்குறேன் மச்சான். நீ பின்னாடி போயி நில்லு.”

“எதுக்கு மாப்ளே இப்ப?”

“பாக்கணும். தெனமும் அதேதான் ஓடுது மண்டைக்குள்ள. படத்துல வலதுலதான் நின்னுச்சு. சத்தியமா வலதுலதான். அதை ஒரு தடவை பாத்துட்டா எனக்குத் தெளிஞ்சுரும்.”

அவர் சீட்டில் ஏறினார். நான் வண்டிக்குப் பின்னால் போனேன். வலது பக்கம் போய் நின்றுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கால் தானாக இடது பக்கம் போய் நின்றது. ரிவர்ஸ் லைட்டு எரிந்தது.

“இப்ப எந்தப் பக்கம் நிக்கிற?” என்று கேட்டார்.

“இடது.”

என்ஜின் ஓடவில்லை, தெருவில் ஒரு லோடு ஆட்டோ போனது. பிறகு “கையத் தூக்கு” என்றார். தூக்கினேன். “அந்தப் பக்கம் போ” என்றார். போனேன். “திரும்ப இந்தப் பக்கம் வா.” வந்தேன். சொன்னபடியெல்லாம் நடந்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். பச்சை ஒயரை நான்தான் வெட்டினேன், இன்றைக்கு மத்தியானம் நான்தான் ஒட்டினேன் என்று சொன்னால் போதும். அடுத்து எந்தப் பக்கம் போகச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் இறங்கி வந்தார்.

“கேமரா சரியாத்தான் இருக்கு மச்சான்” என்றார். “எனக்குத்தான் கோளாறு. இடது வலது தெரியாமப் போச்சு எனக்கு. அன்னைக்கு நீ திட்டுனது நியாயந்தான்.”

என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் என்பது அவர் தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜீப்பை விற்று அந்த அம்மாவின் வைத்தியத்துக்குக் கொடுத்தார்கள். நான் இரண்டு முறை சிலமலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். இரண்டாவது முறை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒங்க மாப்ளையத் தப்பு சொல்ல மாட்டேண்ணே. நான் தட்டுனதும் நின்னுட்டாரு. கேக்காமப் போகல. நின்னாரு, பாத்தாரு, அப்புறம் வேணும்னே வர்ற மாதிரி என் பக்கமே ஒடிச்சாரு. எதைப் பாத்து அப்படி வந்தாருன்னுதான் எனக்கு வெளங்கல. ஒங்களுக்கு எதும் தெரியுமா?”

“தெரியல தாயி” என்றேன்.

அதற்குப் பிறகு நான் சிலமலைக்குப் போகவில்லை.

மாப்பிள்ளை இப்போது ஒரு ஏலக்காய் குடோனில் வாட்ச்மேன். சைக்கிள்கூட ஓட்டுவதில்லை. நடந்துதான் போகிறார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு பக்கம் பார்த்துவிட்டு, நம்பாமல், இன்னொரு முறை பார்த்துவிட்டு நிற்கிறார். யாராவது வழி கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார். “படத்துல தெரியாது” என்று இவர் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம். எனக்கும் அவருக்கும் எதிரெதிரே இலை போட்டார்கள். தங்கச்சி சோறு வைத்து, குழம்பு ஊற்றிவிட்டு நகர்ந்தாள். நான் பிசைய ஆரம்பித்துவிட்டேன். அவர் சாப்பிடாமல் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு இது பழகியிருக்க வேண்டும். போகிற போக்கில் குனிந்து அவர் வலது கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் அந்தக் கையை எடுத்து இலையில் வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சரிதான மச்சான்?” என்றார்.

“சரிதான் மாப்ளே” என்றேன்.